ஈ கம்பி 'தொப்'பென்கிறது, கையில் 800 ரூபாய்தான்: பேஸ் ஸ்ட்ரிங்ஸ் எது வாங்கலாம்?

உப்புக்காற்று:

எல்லோருக்கும் வணக்கம். தூத்துக்குடிப் பக்கம் ஒரு கடற்கரைக் கிராமம். கல்லூரியில் படிக்கிறேன். கோயில் பாடகர் குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். கிட்டார் கோயிலுடையது. தடித்ததிலிருந்து மெல்லியது வரை ஈ, ஏ, டி, ஜி என்று நான்கு கம்பி. கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று கேட்டால், போன பங்குச்சாமியார் காலத்தில் என்கிறார்கள். அவர் மாறிப்போய் மூன்று வருடம் ஆகிறது.

ஆறு மாதத்துக்கு முன் ஒருவர் சுத்தம் செய்து தருகிறேன் என்று கம்பிகளைக் கழற்றி, அதையே திரும்ப மாட்டிக் கொடுத்தார். அதிலிருந்து ஈ கம்பி மோசம். 'தொம்' என்று வர வேண்டிய இடத்தில் 'தொப்'. கிட்டாரின் தலைப்பக்கம் (ஹெட்ஸ்டாக்) மாட்டிச் சுருதி பார்க்கும் க்ளிப் ட்யூனரில் முள் ஒரு இடத்தில் நிற்கமாட்டேன் என்கிறது. ஜி கம்பியில் துரு, வாசித்து முடித்தால் விரல் கறுத்துவிடுகிறது.

டவுனில் ஒரு செட் 2,400 சொன்னார்கள். நானும் கீபோர்டு வாசிக்கிறவனும் சேர்ந்து புரட்டியது 800. ஆன்லைனில் பார்த்தால் 180 ரூபாயிலிருந்து 4,000 வரை இருக்கிறது, ஒன்றும் புரியவில்லை. கொடியேற்றத்துக்கு இன்னும் 18 நாள். கொடி ஏறிவிட்டால் பத்து நாளும் வாசிப்பு இருக்கும். எதை வாங்க?

நாலுகம்பி:

வாங்குவதற்கு முன்னால் டேப்பை எடுங்கள். நட்டிலிருந்து (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் பட்டை) 12ஆவது ஃப்ரெட் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) வரை எத்தனை அங்குலம்? அதை இரண்டால் பெருக்கினால் உங்கள் கிட்டாரின் ஸ்கேல், அதாவது கம்பி அதிரும் நீளம். 17 வந்தால் 34 அங்குலம், அதாவது லாங் ஸ்கேல். 15 வந்தால் 30, ஷார்ட் ஸ்கேல். இடையில் 32 என்றும் ஒன்று உண்டு. ஷார்ட் செட்டை லாங் கிட்டாரில் போட்டால், கம்பி முனையில் மெலிந்து நூல் சுற்றியிருக்கும் பகுதி நட் மேலேயே வந்து உட்கார்ந்துவிடும், இல்லையென்றால் கம்பி எட்டவே எட்டாது. மாற்றிப் போட்டால் தடித்த பகுதி, கம்பியை இறுக்கும் ட்யூனர் தண்டில் சுற்றி, உள்கம்பி உடையும். மலிவாக வாங்குகிறவர்கள் முதலில் கோட்டை விடுவது இதில்தான். விலையைப் பார்க்கிற அவசரத்தில் நீளத்தைப் பார்ப்பதில்லை.

அந்த 180 ரூபாய் சமாசாரம் வேண்டாம். நானும் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். படத்தில் பேஸ், தலைப்பில் 'ஈ ஏ டி ஜி', பார்சலைப் பிரித்தால் சாதாரண கிட்டாரின் கீழ் நான்கு கம்பி. பெயர் ஒன்றுதான், ஸ்தாயி வேறு. அதைக் கொண்டுபோய் பேஸில் மாட்ட முடியாது. திருப்பி அனுப்பும் செலவு கம்பி விலையைவிட அதிகம் என்பதால் அப்படியே கிடக்கிறது.

லேப்_அக்கா:

நான் வாசிக்கிறவள் இல்லை, என் மகன் வாசிக்கிறான். ஆனால் வேலை இயற்பியல் ஆய்வகத்தில் என்பதால் இது எனக்குத் தெரியும். உங்கள் கல்லூரி லேபில் ஸ்க்ரூ கேஜ் இருக்கும். அழுத்தித் திருகாமல் கம்பியின் விட்டத்தை அளந்து பாருங்கள். பாக்கெட்டில் 45, 65, 85, 105 என்று போட்டிருப்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு. மில்லிமீட்டரில் ஜி 1.14, டி 1.65, ஏ 2.16, ஈ 2.67 வரும். ஈ 2.54 இருந்தால் அது 100. இப்போது போட்டிருக்கும் அளவையே வாங்கினால் கழுத்தைத் தொட வேண்டிய வேலை பெரும்பாலும் இருக்காது. அழுக்கு ஏறிய கம்பி என்பதால் ஒரு நூலளவு கூடக் காட்டும், அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

மேடைக்கிழவர்:

தம்பி, மெல்லிசை மேடையில் இருபத்தாறு வருஷம் பேஸ் வாசித்தவன் சொல்கிறேன், காசை இப்போதைக்கு வெளியே எடுக்காதே. ஒருவர் கழற்றி மாட்டிய பிறகுதான் ஈ கெட்டது என்று நீயே எழுதியிருக்கிறாய். வியாதி அங்கேதான்.

ஈ கம்பியை நன்றாகத் தளர்த்து. ட்யூனர் தண்டிலிருந்து முனையை மெதுவாக வெளியே எடு. பிரிட்ஜ் பக்கம், அதாவது உடலில் கம்பி மாட்டும் இடத்தில், கம்பி முனைக் குண்டு மாட்டியபடியே இருக்கட்டும். கம்பியை இழுக்காமல் காற்றில் விடு. அது தானாகச் சுழன்றால் முறுக்கோடு மாட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். முறுக்கின கம்பி ஒழுங்காக அதிராது, 'தொப்'பென்றுதான் கேட்கும். சுழல்வது நின்ற பிறகு, கையில் திருகாமல் அப்படியே திரும்ப மாட்டு. ஏற்றியதும் பிரிட்ஜில் கம்பி ஏறி உட்காரும் சேடலுக்கு முன்பக்கமும் நட்டுக்கு முன்பக்கமும் கட்டை விரலால் கம்பியை லேசாக அமுக்கிவிடு. அந்த இரண்டு இடத்திலும் கம்பி வளைவாக நிற்காமல் மடிந்து நேராக இறங்க வேண்டும். இதற்குப் பைசா செலவில்லை.

ட்யூனர் முள் ஆடுவதற்கு நீ காரணமில்லை. திறந்த ஈ கிட்டத்தட்ட 41 ஹெர்ட்ஸ். அவ்வளவு கீழே பல க்ளிப் ட்யூனர்கள் தடுமாறும். 12ஆவது ஃப்ரெட்டுக்கு நேர் மேலே விரலை வெறுமனே தொட்டு மீட்டு. அந்த ஹார்மோனிக் 82-இல் வரும், முள் நிற்கும்.

உப்புக்காற்று:

அண்ணே, கம்பி இரண்டரைச் சுற்று தானாகச் சுழன்றது! சாட்சிக்குக் கீபோர்டுக்காரன் பக்கத்தில் இருந்தான். மாட்டிய பிறகு 'தொப்' போய்விட்டது. 'தொம்' வந்தது என்று சொல்லமாட்டேன், பாதி வந்திருக்கிறது. ஹார்மோனிக்கில் முள்ளும் நிற்கிறது.

நாலுகம்பி அண்ணே, 17 அங்குலம் சரியாக இருக்கிறது. அக்கா, ஜி 1.15, ஈ 2.69. அப்படியென்றால் 45-105 தானே? லேபில் சார், "எந்தப் பரிசோதனைக்குடா இது?" என்று கேட்டார். பிரேக்டிகல் என்று சொல்லிவிட்டேன்.

துரு மட்டும் அப்படியே இருக்கிறது.

தட்டைக்கம்பி:

என்னைக் கேட்டால் இரண்டு மாதம் காசு சேர்த்து ஃப்ளாட்வவுண்ட் வாங்குங்கள். விலை இரண்டு மடங்குக்கு மேல் ஆகும், ஆனால் வருடக்கணக்கில் கிடக்கும். வெளிச்சுற்று தட்டையான நாடா என்பதால் அழுக்கு போய் உட்காரும் பள்ளமே அதில் இல்லை. மோடவுன் என்ற அமெரிக்க இசைக் கம்பெனியின் பாட்டுகளில் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் அறுந்தால் ஒழியக் கம்பியை மாற்றமாட்டார். அவர் போட்டிருந்தது லா பெல்லா கம்பெனியின் தடித்த ஃப்ளாட்வவுண்ட்.

நாலுகம்பி:

ஜேமர்சனுக்குக் கொடியேற்றம் 18 நாளில் இல்லை. தம்பி கையில் இருப்பது 800.

தட்டைக்கம்பி:

அதுவும் சரிதான். ஆனாலும் மூன்று வருடம் கம்பி மாற்றாத கோயிலுக்கு அதைவிடப் பொருத்தமான கம்பி இல்லை. சாமியார் காதில் போட்டு வையுங்கள்.

பழைய_பாக்கெட்:

கொதிக்க வைத்துப் பார்த்தீர்களா? கம்பி செத்துப்போவதற்குப் பெரிய காரணம், சுற்றுகளுக்கு இடையில் போய் அடைத்துக்கொள்ளும் வேர்வை, எண்ணெய், தோல் துகள். அது அதிர்வின் மேல்பகுதியைத் தின்றுவிடுகிறது, அதனால்தான் சத்தம் மந்தமாகிறது. தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்க விட்டால் அழுக்கு கழன்று வரும். எடுத்ததும் துணியால் துடைத்து வெயிலில் நன்றாகக் காய வைக்க வேண்டும், ஈரம் உள்ளே நின்றால் உள்கம்பி துருப்பிடிக்கும். சத்தம் புதுசு மாதிரி இருக்கும், ஆனால் சில நாள், மிஞ்சினால் ஓரிரு வாரம்தான். ஏற்கெனவே பிடித்த துருவும் ஃப்ரெட் தேய்த்த பள்ளமும் போகாது.

இதைவிட நல்லது ஸ்பிரிட். முக்கால் அங்குல பிவிசி குழாயில் ஒரு முனையை ஒட்டி அடைத்து, மறுமுனைக்குத் திருகு மூடி போட்டு, உள்ளே ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஊற்றி ஓர் இரவு கம்பியை ஊற விடுவேன். செல்போன் சர்வீஸ் செய்கிறவர்கள் போர்டு கழுவுவதற்கு வைத்திருப்பார்களே, அதுதான். தண்ணீர் இல்லாததால் துரு பயமில்லை. ஆனால் தீப்பிடிக்கும் சாமான். அடுப்பு, சாம்பிராணி, சிகரெட் எதுவும் பக்கத்தில் கூடாது.

உப்புக்காற்று:

ஒரு தப்பு செய்துவிட்டேன். நேற்று நான்கையும் கழற்றி, அம்மாவின் ரசப் பாத்திரத்தில் கொதிக்க வைத்தேன். தண்ணீர் கடுங்காப்பி நிறத்துக்கு வந்தது, பார்க்கவே அருவருப்பாக இருந்தது. காய வைத்து மாட்டினேன். ஈ, ஏ இரண்டும் நன்றாகவே வந்துவிட்டன. டி கம்பியை ஏற்றும்போது தண்டுக்கருகில் 'பட்'டென்று போய்விட்டது. இப்போது மூன்று கம்பிதான். 14 நாள் இருக்கிறது.

மேடைக்கிழவர்:

தண்டில் மடித்திருந்த இடத்தை நீட்டி நிமிர்த்திவிட்டு, திரும்ப அதே இடத்தில் மடித்திருப்பாய். ஏற்கெனவே மடிந்த கம்பி ஆணியைப் போல, இரண்டாம் முறை வளைத்தால் அங்கேயே போகும். பழைய கம்பியைத் திரும்ப மாட்டும்போது அந்தச் சுருளை அப்படியே வைத்துத் தண்டில் திணிக்க வேண்டும். இதை முதலிலேயே நான் சொல்லியிருக்கணும்.

ஒன்று செய். உன் ஊருக்குப் பக்கத்தில் ஆர்கெஸ்ட்ராவில் வாசிக்கிற யாரையாவது பிடி. தொழிலாக வாசிக்கிறவன் கம்பி உயிரோடு இருக்கும்போதே கழற்றிவிடுவான், கழற்றியதைத் தூக்கிப்போட மனசு வராமல் கிட்டார் பையிலேயே வைத்திருப்பான். ஒரு டி கம்பி கேட்டால் இல்லை என்று சொல்லமாட்டான். அதை ஸ்பேராக வை. அந்த 800-க்குப் புது செட்டே வாங்கிவிடு, இனி கொதிக்க வைத்து நேரத்தைப் போக்காதே.

நாலுகம்பி:

புது செட் வாங்கும்போது பாக்கெட்டில் மூன்று வார்த்தைதான் தேடணும்: நிக்கல் ப்ளேட்டட் ஸ்டீல், ரவுண்ட்வவுண்ட் (வெளிச்சுற்று உருண்டைக் கம்பி), லாங் ஸ்கேல். 800-க்குள் சீன செட்டுகள் கிடைக்கின்றன, கோயில் வாசிப்புக்குத் தாராளம். பித்தளை நிறத்தில் பாஸ்பர் பிரான்ஸ் என்று இருந்தால் அது அக்கவுஸ்டிக் பேஸுக்கு. வெளிச்சுற்றை, அதிர்வை மின்சாரமாக்கும் உங்கள் காந்த பிக்கப் சரியாகப் பிடிக்காது, உள்கம்பி மட்டும்தான் கேட்கும், சத்தம் சோகையாக வரும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் செட் துருவுக்குக் கொஞ்சம் தாங்கும், ஆனால் ஃப்ரெட்டை வேகமாகத் தேய்க்கும். கோயில் கிட்டாருக்கு ஃப்ரெட் மாற்ற யார் காசு கொடுப்பார்கள்?

பெரிய பிராண்டு பாதி விலைக்கு வந்தால் சந்தேகப்படுங்கள். கம்பிகளில் போலி நிறைய ஓடுகிறது. டடாரியோ போன்றவர்கள் உறைக்குள் ஒரு குறியீடு போட்டிருப்பார்கள், அதை அவர்கள் தளத்தில் பதிந்து பார்க்கலாம். ஆனால் பிரித்த பிறகுதான் அது தெரியும் என்பது வேறு விஷயம்.

மாட்டும்போது ஒன்று: தண்டைத் தாண்டி இரண்டு தண்டு தூரம், கிட்டத்தட்ட நான்கு அங்குலம் விட்டு வெட்டுங்கள். ஆனால் முதலில் கம்பியை 90 டிகிரி மடித்துவிட்டு, மடிப்புக்கு அப்பால் வெட்ட வேண்டும். மடிக்காமல் வெட்டினால் வெளிச்சுற்று உள்ளே நழுவி, புதுக் கம்பியே செத்துவிடும்.

உப்புக்காற்று:

வந்துவிட்டது. அனுப்பும் செலவோடு 720. 45-105 தீர்ந்துவிட்டதால் 45-100 தான் கிடைத்தது. மீதி 80 ரூபாய்க்குக் கீபோர்டுக்காரன் பரோட்டா வாங்கித் தரச் சொல்கிறான்.

சத்தம் வேற மாதிரி இருக்கிறது அண்ணே, இந்தக் கிட்டாருக்குள் இவ்வளவு இருந்ததா என்று தோன்றியது. ஆனால் ஏ, ஈ இரண்டிலும் முதல் மூன்று ஃப்ரெட்டில் 'கிர்ர்' என்கிறது. பழைய கம்பியில் இது இல்லை. செட் சரியில்லையோ?

லேப்_அக்கா:

செட் மேல் பழி போடாதீர்கள். கம்பி மெலிந்தால் இழுவிசை குறையும். கழுத்தை முன்னால் இழுத்து வளைத்துக்கொண்டிருந்த கம்பி இப்போது கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறது, கழுத்துக்குள்ளே இருக்கும் ட்ரஸ் ராட் என்ற இரும்புத் தண்டு அதே பலத்தில் பின்னால் இழுக்கிறது. கழுத்து நிமிர்ந்துவிட்டது, அதனால் கீழ் ஃப்ரெட்டுகளில் உரசுகிறது.

மேடைக்கிழவர்:

டீச்சரம்மா சொல்வது சரி. ஈ கம்பியை முதல் ஃப்ரெட்டிலும், கழுத்து உடலோடு சேரும் ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அமுக்கு. நடுவில் ஏழு, எட்டாவது ஃப்ரெட்டுக்கு மேல் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் இடைவெளி வேண்டும். இல்லையென்றால் ட்ரஸ் ராட் நட்டைக் கடிகாரத்துக்கு எதிர்த் திசையில் கால் சுற்று. கால் சுற்றுதான். சரியான அளவு ஆலன் சாவி இல்லாமல் தொடாதே, நட் முனை மழுங்கிவிட்டால் அது பெரிய செலவு. திருகிய பிறகு ஒரு ராத்திரி விட்டுவிட்டு மறுநாள் பார்.

அப்புறம், கடற்கரை ஊர். வாசித்து முடித்ததும் பழைய பருத்தி வேட்டித் துண்டால் ஒவ்வொரு கம்பியையும் அடியிலும் சேர்த்துத் துடை. பையில் வைத்து மூடு, பீடத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டுப் போகாதே.

உப்புக்காற்று:

நேற்றோடு திருவிழா முடிந்தது. தாமதமாக எழுதுகிறேன், மன்னிக்கவும்.

கால் சுற்றிலேயே உரசல் போய்விட்டது. சைக்கிள் கடை ஆலன் சாவி சரியாகப் பொருந்தியது. பத்து நாளும் ஒரு கம்பியும் அறவில்லை. ஐந்தாம் நாள் மழைச் சாரலில் நனைந்தது, துடைத்து வைத்தேன். ஸ்பேராக வைத்திருக்கும் டி கம்பி பக்கத்து ஊர் ஆர்கெஸ்ட்ரா அண்ணன் கொடுத்தது. கேட்ட உடனே பையைத் திறந்து மூன்று செட் காட்டினார், மேடைக்கிழவர் அண்ணன் சொன்ன மாதிரியே. தேர் அன்று ஒலிபெருக்கிக்காரர் வந்து, "பேஸ் மாற்றினீங்களா?" என்று கேட்டார். கம்பி மட்டும்தான் என்றேன், நம்பவில்லை.

சாமியார் காதிலும் போட்டுவிட்டேன். அடுத்த வருடக் கணக்கில் பார்க்கலாம் என்றார். தட்டைக்கம்பி அண்ணன் காத்திருக்க வேண்டியதுதான்.

ரசப் பாத்திரத்தை அம்மா இன்னும் அடுப்படிக்குள் சேர்க்கவில்லை. புதுசு ஒன்று வாங்க வேண்டும், அதற்கு 450 என்கிறார்கள்.