கிளேர் அந்தப் பையனைக் கொக்கியிலிருந்து இறக்கியது தப்பா? (அவுட்லேண்டர், 4-ஆவது சீசன், கதை தெரிந்துவிடும்)

ராத்திரிப்பறவை:
நேற்று ராத்திரி இரண்டாவது எபிசோட் பார்த்தேன், இன்னும் வயிற்றைப் பிசைகிறது. மறந்தவர்களுக்காகக் கொஞ்சம் கதை. 1968 பாஸ்டனில் சர்ஜனாக இருந்துவிட்டு, காலம் கடக்க வைக்கும் மந்திரக் கற்கள் வழியாகப் பதினெட்டாம் நூற்றாண்டுக்குத் திரும்பிய கிளேர், கணவன் ஜேமியோடு வட கரோலினாவுக்கு வந்து, அவனுடைய சித்தி ஜொகாஸ்டாவின் ரிவர் ரன் பண்ணையில் தங்குகிறாள். பண்ணை முழுக்க அடிமைகள். அதில் ரூஃபஸ் என்ற பையன் கண்காணியின் காதை வெட்டிவிட, வெள்ளைக்காரன் ரத்தத்தைச் சிந்த வைத்த அடிமைக்குச் சாவுதான் என்று அவனை வயிற்றில் இரும்புக் கொக்கி மாட்டித் தொங்கவிடுகிறார்கள். கிளேர் அவனை இறக்கி, வீட்டுக்குள் கொண்டுபோய் மேஜையில் கிடத்தி ஆபரேஷன் செய்து பிழைக்க வைக்கிறாள். நடு ராத்திரிக்குள் அவனைக் கொடுக்காவிட்டால் வீட்டையே கொளுத்துவோம் என்று கூட்டம் வாசலில் நிற்கிறது. கடைசியில் அவளே விஷ மூலிகையைத் தேநீரில் கலந்து கொடுத்துவிடுகிறாள். வெளியே கொடுப்பது பிணத்தை. அப்படியும் விடாமல் அதற்குக் கயிறு மாட்டி இழுத்துப்போய்த் தூக்கில் போடுகிறார்கள்.

என் வீட்டுக்காரர் சொல்வது, "அவள் சும்மா இருந்திருந்தால் பையன் சீக்கிரம் போயிருப்பான், இவள் பண்ணியதெல்லாம் தன் மனசு ஆறத்தான்". அதோடு, அந்தக் காலத்தில் எல்லாருக்கும் அது சகஜம், இருபதாம் நூற்றாண்டு நியாயத்தை அங்கே கொண்டுபோய்க் கொட்டினால் எப்படி என்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை, ஆனால் ஒத்துக்கொள்ளவும் முடியவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

செம்மண்புழுதி:
"எல்லாருக்கும் சகஜம்" என்கிறாரே, அந்த எல்லாரில் ரூஃபஸ் சேர்த்தியா இல்லையா என்று முதலில் உங்கள் வீட்டுக்காரரிடம் கேளுங்கள். பண்ணையில் வெள்ளைக்காரர்கள் ஒரு கைவிரலுக்குள் அடக்கம், மற்றவர்கள் யாருக்கும் அது சகஜமாக இருந்திருக்காது. 1739-இல் பக்கத்துத் தென் கரோலினாவில் ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைகள் ஆயுதம் தூக்கியது எந்தக் காலப் பயணியும் வந்து பாடம் எடுத்ததால் இல்லை.

சரி, வெள்ளைக்காரர்களை மட்டும் எடுத்துக்கொண்டாலும் இந்த வாதம் நிற்காது. 1688-லேயே பென்சில்வேனியாவில் ஜெர்மன்டவுன் குவேக்கர்கள் (ஒரு கிறிஸ்தவப் பிரிவினர்) அடிமை வைத்திருப்பது தப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். பெஞ்சமின் லே என்று ஒரு மனுஷன், நாலடி உயரம், கூன் முதுகு. 1738-இல் பர்லிங்டனில் நடந்த குவேக்கர் கூட்டத்துக்கு, நடுவில் குடைந்த புத்தகம் ஒன்றைக் கொண்டுபோனார். உள்ளே சிவப்புச் சாறு நிரப்பிய பை. சக மனிதர்களை அடிமையாக வைத்திருப்பவர்களின் ரத்தத்தைக் கடவுள் இப்படித்தான் சிந்துவார் என்று சொல்லி அந்தப் புத்தகத்தை வாளால் குத்தினார், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் மேலெல்லாம் தெறித்தது. தூக்கி வெளியே போட்டார்கள். அடிமை உழைப்பில் வந்த எதையும் அவர் உண்பதில்லை, உடுத்துவதில்லை. கிளேர் ரிவர் ரன்னுக்குப் போவதற்குச் சில வருஷம் முன்பு, 1759-இல்தான் செத்தார். அவருக்கு எந்தக் கல்லும் வழிவிடவில்லை, அதே காலத்தில் பிறந்து அதே காலத்தில் கத்தியவர்.

இன்னொன்று. கிளேர் கொண்டுவரும் "நவீன" அறத்துக்கு வயது எத்தனை? அமெரிக்காவில் நிறப் பாகுபாட்டைத் தடைசெய்த குடிமை உரிமைகள் சட்டம் வந்தது 1964, அவள் கிளம்பியது 1968. நாலே வருஷம். பாஸ்டனில் அவளுக்கு நெருங்கிய நண்பர் ஜோ அபர்நாதி ஒரு கறுப்பின டாக்டர். அவளைப் பதற வைப்பது நூற்றாண்டு நியாயம் என்பதைவிட அந்த நட்புதான் என்று எனக்குத் தோன்றும்.

பழைய_பேரேடு:
செம்மண் சொல்வது சரி, ஆனால் ஒருத்தருக்குத் தப்பு என்று தெரிவது வேறு, அதைச் செய்து முடிக்க முடிவது வேறு. சித்தி தன் வாரிசாக்கப் பார்க்கும் ஜேமி, பண்ணை அடிமைகள் எல்லாரையும் விடுதலை செய்துவிடலாமே என்று நிறைய பேர் கோபப்பட்டு எழுதியிருந்தார்கள். வட கரோலினாவின் 1741 சட்டப்படி, அடிமை ஏதோ பாராட்டத்தக்க சேவை செய்தான் என்று கவுண்டி கோர்ட் ஒத்துக்கொண்டால்தான் எஜமானே விடுவிக்க முடியும். அப்படி விடுவிக்கப்பட்டவரும் ஆறு மாதத்துக்குள் மாகாணத்தை விட்டுப் போயாக வேண்டும். அதனால் விடுதலை அவ்வளவு சுலபம் இல்லை என்று கதையில் சொல்வது வெறும் கதைக்கட்டு இல்லை.

இதைவிடக் கொடுமை பின்னால் நடந்தது. 1776 வாக்கில் அங்கேயே சில குவேக்கர்கள் மனசாட்சிக்குப் பயந்து தங்கள் அடிமைகளை விடுவித்தார்கள். 1777-இல் சட்டசபை கூடி, அப்படி விடுவிக்கப்பட்டவர்களைப் பிடித்து ஏலம் விடலாம் என்று சட்டம் போட்டது, விடுதலையாகிப் போனவர்கள் மறுபடி விற்கப்பட்டார்கள். சுதந்திரப் பிரகடனம் எழுதி ஒரு வருஷம்கூட ஆகாத நேரம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அடிமைக்குக் கோர்ட்டே மரண தண்டனை கொடுத்தால், எஜமானுக்கு நஷ்ட ஈடு பொதுக் கஜானாவிலிருந்து போகும். செத்தவன் கணக்கில் அவன் வெறும் சொத்து. கதையில் கூட்டம் கோர்ட்டுக்குக்கூடப் போகவில்லை.

கத்தரிப்பூ:
எனக்குக் கிளேர் மேல் கோபம் இல்லை, எழுதினவர்கள் மேல்தான். அந்த எபிசோடில் ரூஃபஸ் பேசுவது எவ்வளவு நேரம்? தங்கையைப் பற்றிக் கொஞ்சம் பேசுகிறான், அவ்வளவுதான். மீதி நேரமெல்லாம் கேமரா கிளேர் முகத்தில். அவன் செத்ததே அவளுக்குக் கண்ணில் நீர் வரத்தான் என்பது போல. ஆக்டேவியா பட்லரின் கிண்ட்ரட் (1979) படித்தவர்களுக்கு வித்தியாசம் தெரியும். அதில் 1976-இலிருந்து மேரிலாண்ட் பண்ணைக்கு இழுக்கப்படும் டானா கறுப்பினப் பெண். போய் இறங்கியதும் நியாயம் பேச நேரமே இல்லை, சாட்டை அவள் முதுகுக்கே வருகிறது. யார் பயணம் போகிறார்கள் என்பதைப் பொறுத்து "அறச் சிக்கல்" என்ற வார்த்தையே மாறிப்போகிறது பாருங்கள்.

ரிவர் ரன்னில் உருப்படியாகப் பேசுவது ஜொகாஸ்டாவின் வீட்டைக் கவனித்துக்கொள்ளும் அடிமை யூலிஸஸ்தான். கொக்கியிலேயே விட்டிருந்தால் பையனுக்கு நல்லது, இனி மற்ற அடிமைகளும் சேர்த்து அனுபவிப்பார்கள் என்று அவர் சொல்வது உங்கள் வீட்டுக்காரர் சொல்வதைப் போலவே இருக்கும். ஆனால் அதைச் சொல்ல அவருக்கு உரிமை இருக்கிறது, சோபாவில் உட்கார்ந்திருக்கும் நமக்கு இல்லை. (அப்புறம், அடிமைப் பண்ணை வேண்டாம் என்று கிளம்பி இவர்கள் வாங்கிக்கொள்வது கவர்னர் ட்ரையன் கொடுக்கும் பத்தாயிரம் ஏக்கர். அது யார் நிலம் என்று அந்த மனசாட்சி ரொம்ப நேரம் யோசித்ததாகத் தெரியவில்லை.)

நைட்டியூட்டி:
நான் ஐசியூ நர்ஸ், என் பக்கத்திலிருந்து ஒன்று. எல்லாரும் பழைய அறம், புது அறம் என்றே பேசுகிறீர்கள், எனக்கு அங்கே மோதினதாகத் தெரிந்தது இரண்டுமே கிளேருடைய அறம்தான். எபிசோடின் பெயரே "தீங்கு செய்யாதே". ரத்தம் போகிற ஆளைப் பார்த்தால் கை தானாகப் போகும், எதிரில் யார், என்ன காலம் என்று யோசிப்பதெல்லாம் பிறகுதான். அதனால் இறக்கியது தப்பு என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் அந்தத் தேநீர்? தான் தையல் போட்ட அதே உடம்புக்கு விஷம் கொடுப்பதை 1968 பாஸ்டனிலும் யாரும் சரி என்றிருக்க மாட்டார்கள். அவன் தூங்கப்போகும் குழந்தை மாதிரி கண்ணை மூட, ஜேமி பக்கத்தில் ஜெபம் சொல்ல, நான் அந்த இடத்தில் நிறுத்திவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன்.

ராத்திரிப்பறவை:
எல்லாருக்கும் நன்றி. நைட்டியூட்டி அக்கா, நானும் அங்கேதான் நிறுத்தினேன். பெஞ்சமின் லே கதையை வீட்டுக்காரரிடம் சொன்னேன், கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தச் சாறு துணியில் பட்டால் போகுமா?" என்று கேட்டார். யூலிஸஸ் பேசுகிற இடத்தை மறுபடி பார்க்கலாம் என்று இருக்கிறோம். மூன்றாவது எபிசோடை இன்னும் தொடவில்லை.