நெப்போலியன் காலத்துப் போர்க்கதைகள் ஏன் இப்பிடி இழுக்குது?

அலைகரை (முல்லைத்தீவு):
வணக்கம். நெப்போலியன் காலத்துப் போர் நாவல் ஒண்டைக் கையிலை எடுத்தால் கீழை வைக்க ஏலாமல் கிடக்கு. ஆர் வெல்லுவினம் எண்டு முதலே தெரியும், எண்டாலும் ஒவ்வொரு சண்டையிலையும் மூச்சு முட்டுது. வன்னிச் சிற்றரசர் பண்டாரவன்னியன் பிரித்தானியரின்ரை முல்லைத்தீவுக் கோட்டையை அடிச்ச 1803ஐ வைச்சு ஒரு குறுநாவல் எழுத யோசிக்கிறன். எங்கட சரித்திரக் கதைகளிலை வாள் மின்னும், முரசு அதிரும், ஆனால் பயம் வாறேல்லை. அந்த நாவல்களிலை இருந்து என்னத்தை எடுக்கலாம்?

நெடுங்கேணியான்:
தங்கச்சி, அந்தப் பயம் துவக்கிலை இருந்து வருது. அவ்வளவு மெதுவான ஆயுதம் அது. இடியன் துவக்கைக் கண்டவைக்கு இது விளங்கும். சுத்தியலைப் பாதி இழுத்து வைக்கவேணும். கடதாசித் தோட்டாவைப் பல்லாலை கடிச்சுக் கிழிச்சு, பக்கத்துக் கிண்ணியிலை கொஞ்ச வெடிமருந்து போட்டு மூடவேணும். மிச்ச மருந்தைக் குழல் வாயாலை ஊத்தி, ஈயக்குண்டையும் கடதாசியையும் போட்டுக் கம்பியாலை இடிச்சு, கம்பியைத் திருப்பிச் செருகி, சுத்தியலை முழுக்க இழுத்தாப் பிறகுதான் வெடி. நல்லாப் பழகின பிரித்தானியச் சிப்பாய் நிமிசத்துக்கு 3 வெடி வைப்பான். சண்டை நீள அது 2 ஆகும்.

குழல் 19 மில்லிமீற்றர், குண்டு 17.5. கரி படிஞ்சாலும் குண்டு இறங்கவேணும் எண்டுதான் அந்த இடைவெளி. அதாலை 100 மீற்றருக்கு அங்காலை தனி ஆளுக்குக் குறி வைக்கிறது வீண். பாய்ஞ்சு வாற குதிரை அந்த 100 மீற்றரை ஒரு 15 செக்கனிலை கடந்திடும். அவசரப்பட்டுச் சுட்டால் திருப்பி அடைக்க நேரமில்லை. பிந்திச் சுட்டாலும் ஆபத்துத்தான். 1812இலை ஸ்பெயினிலை கார்சியா எர்னாண்டஸ் எண்ட இடத்திலை, குதிரைப்படையைத் தடுக்க நாலு பக்கமும் பாத்து நிண்ட பிரெஞ்சுக் காலாட்படைச் சதுர அணிக்கு மேலையே வெடிபட்ட குதிரை ஒண்டு விழுந்து, அந்த இடைவெளியாலை குதிரைப்படை உள்ளை புகுந்திட்டுது. வாசிக்கிற ஆள் தானே செக்கன் எண்ணத் தொடங்கினால் கதை வெண்டிட்டுது.

பிழைக்கிறதுகளையும் எழுதுங்கோ. சுத்தியலிலை பூட்டியிருக்கிற, பொறி தட்டுற சக்கிமுக்கிக் கல் இருபது முப்பது வெடியிலை மழுங்கிப் போகும். கிண்ணியிலை பத்தின நெருப்பு, குழலுக்குப் போற சின்னத் துளை அடைச்சால் உள்ளை போகாது. சத்தத்திலை தன்ர துவக்கு வெடிச்சுதோ இல்லையோ எண்டு தெரியாமல் மேலை மேலை அடைப்பினம். கம்பியைக் குழலுக்கை மறந்து சுட்டவன் அதோடை கம்பியையும் இழந்திடுவான். மருந்திலை வெடியுப்பு இருக்கிறதாலை, தோட்டா கடிக்கக் கடிக்கத் தாகம் எடுக்கும்.

கடற்காற்று:
ஒரு விசயம் சேர்க்கிறன். 1803 வன்னியும் நெப்போலியன் காலக் கதைதான். 1795இலை பிரெஞ்சுப் படை ஒல்லாந்தைப் பிடிக்க, அங்கத்தைய ஆட்சியாளர் இங்கிலாந்துக்கு ஓடினார். அந்தச் சாட்டோடை பிரித்தானியர் அதே வருசம் ஒல்லாந்தரிட்டை இருந்த திருகோணமலையையும் யாழ்ப்பாணத்தையும், 1796இலை கொழும்பையும் எடுத்திச்சினம். ஒல்லாந்தருக்குக் கூலிக்கு நிண்ட சுவிஸ் படை, தெ மெயுரோன் றெஜிமென்ற், பிரித்தானியப் பக்கம் மாறினது. 1802இலை பிரான்சோடை செய்த ஆமியன் சமாதான உடன்படிக்கையிலை இலங்கைக் கரையோரம் பிரித்தானியருக்கே நிலைச்சுது. 1803 வைகாசியிலை ஐரோப்பாவிலை திரும்பச் சண்டை, ஆனியிலை கண்டியிலை இருந்த பிரித்தானியப் படை அழிஞ்சுது. இதுகளுக்குப் பிறகுதான் ஓகஸ்ட் 25இலை பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையை அடிச்சதும், ஒக்ரோபர் 31இலை கற்சிலைமடுவிலை பிரித்தானியரிட்டைத் தோத்ததும். இந்தப் பின்னணி இல்லாமல் எழுதினால் கோட்டை அந்தரத்திலை நிண்ட மாதிரி இருக்கும்.

அலைகரை:
நன்றி அண்ணையவை. அப்ப பண்டாரவன்னியனையே நாயகனாக்கட்டோ?

நெடுங்கேணியான்:
வேண்டாம். அவர் கதைக்குள்ளாலை நடந்து போகட்டும். அந்த நாவல்களிலை நெப்போலியனும் பிரித்தானியத் தளபதி வெலிங்ரனும் அப்பிடித்தான் வருவினம். கதை ஒரு சார்ஜன்ரின்ரை அல்லது லெப்ரினன்ரின்ரை தோளிலை நடக்கும். பெரியவரின்ரை முடிவு எல்லாருக்கும் தெரியும், சின்னவன் தப்புவானோ எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. இன்னொண்டு, அந்தக் காலத்திலை பிரித்தானியப் படையிலை அதிகாரிப் பதவியைக் காசுக்கு வாங்கலாம். பிரெஞ்சுப் பக்கத்திலை பீப்பாய் செய்யிறவரின்ரை மகன் மிஷேல் நே எண்டவர், படையின்ரை ஆக உயர்ந்த பதவியான மார்ஷல் ஆனார். கீழையிருந்து ஏறி வாறவனுக்கும் காசு குடுத்து வந்தவனுக்கும் இடையிலை இருக்கிற புகைச்சல், எதிரியோடை இருக்கிற பகையை விடக் கதைக்கு உதவும். வன்னியிலை உங்களுக்கு அது மருந்துப் பை சுமக்கிற ஒரு பெடியனாய் இருக்கலாம்.

கடற்காற்று:
அந்தப் பெடியனுக்கு மழையைக் குடுங்கோ. ஆவணி வெயிலிலை மருந்து காய்ஞ்சு கிடக்கும். கற்சிலைமடு ஐப்பசி நடுவிலை வருது. கிண்ணியிலை ஈரம் பட்டால் கல் பொறி தட்டியும் பத்தாது. நெப்போலியன் கடைசியாத் தோத்த வாட்டர்லூவிலை, 1815 யூன் 18, முதல்நாள் இரவு மழை. பீரங்கிகளை இழுக்கவும் ஏலாது, குண்டு துள்ளி ஓடாமல் சேத்துக்கை புதைஞ்சிடும். அதாலை நெப்போலியன் நிலம் இறுகட்டும் எண்டு முற்பகல் பதினொண்டரை மட்டும் காத்திருந்தார். ஒட்டுசுட்டான் பக்கத்து மாரிச் சேறு உங்களுக்குத் தெரியும்தானே. கற்சிலைமடு அத்தியாயத்தை அந்தப் பெடியன் மருந்துப் பையை எங்கை ஒளிக்கிறான் எண்டதிலை தொடங்குங்கோ.