மில்டன் புயல் வருது, வியாழக்கிழமை க்ரூஸ், அப்பா அம்மாவோட கிளம்பலாமா வேணாமா?

உப்பளத்துப்பையன்
திங்கள், அக்டோபர் 7, 2024, இரவு 9:40

அவசரமா ஒரு யோசனை வேணும், கப்பல்ல போன அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க. நாங்க அட்லாண்டால இருக்கோம். அப்பா அம்மா ஊர்லேர்ந்து வந்து ரெண்டு மாசம் ஆச்சு, நவம்பர் முதல் வாரம் திரும்பிடுவாங்க. அவங்களுக்காகவே ஏழு மாசம் முன்னாடி ஒரு 5 ராத்திரி க்ரூஸ் புக் பண்ணி வச்சேன், ஃப்ளோரிடா கிழக்கு கரைல இருக்கற போர்ட் கனாவெரல் துறைமுகத்துலேர்ந்து பஹாமாஸ் பக்கம், இந்த வியாழன் 10ம் தேதி சாயங்காலம் கிளம்பணும். சனிக்கிழமை மில்டன்னு பேர் வச்சப்போ சின்ன புயலாத்தான் இருந்துச்சு, நேத்து மத்தியானம் ஹரிக்கேன்னாங்க, இன்னைக்கு மத்தியானம் பாத்தா கேட்டகரி 5, இருக்கறதுலயே உச்ச அளவு, மணிக்கு 180 மைல் காத்து. ஒரே நாள்ல இப்படி ஏறினத நான் பாத்ததே இல்ல. புதன் ராத்திரி டாம்பா பக்கம் கரையேறி ஃப்ளோரிடாவுக்குள்ள குறுக்க பூந்து வியாழன் காலைல கிழக்கு கரை வழியா வெளிய போகும்னு மேப்ல காட்டுறாங்க, அதாவது எங்க கப்பல் நிக்க வேண்டிய இடத்துக்கே, நாங்க ஏற வேண்டிய அன்னைக்கே.

கம்பெனிக்காரங்க ஒரே ஒரு மெயில் போட்டிருக்காங்க, நிலைமைய கவனிச்சிட்டு இருக்கோம்னு. போன் போட்டா ரெண்டு மணி நேரம் பாட்டு கேட்டதுதான் மிச்சம். புதன் ராத்திரி துறைமுகத்துக்கு பக்கத்துல கொக்கோ பீச்ல ஹோட்டல் வேற போட்டிருக்கேன். பணம் மொத்தமும் கட்டியாச்சு, ட்ராவல் இன்சூரன்ஸ் எடுக்கல, அது என் தப்பு.

அப்பா வேதாரண்யத்துல உப்பளத்துல கணக்கு எழுதினவர், 60 வருஷமா கடல கரைலேர்ந்துதான் பாத்திருக்கார், பெரிய கப்பல்ல ஒரு தடவ ஏறணும்னு சின்ன வயசுலேர்ந்து ஆசை. அம்மா இன்னைக்கு காலைலேர்ந்து சரியா சாப்பிடல. 2018 நவம்பர்ல கஜா வந்தப்ப அவங்க ஊர்லதான் இருந்தாங்க, விடிய விடிய கதவ ரெண்டு பேரும் முதுகால முட்டுக்குடுத்து நின்னாங்களாம், காலைல பாத்தா தென்னந்தோப்புல பத்து மரம் கூட நிக்கல. டிவில மில்டன் சுத்தறத பாத்துட்டு வேணாம்பா வேணாம்பான்னு அதையேதான் சொல்றாங்க. நானே கேன்சல் பண்ணிடட்டுமா? இல்ல காத்திருக்கணுமா? கப்பல் கிளம்பினா அது நிஜமாவே சேஃபா?

டல்லாஸ்காரி
திங்கள், இரவு 10:15

தம்பி முதல்ல ஒண்ணு, நீங்களா கேன்சல் பட்டன அமுக்கிடாதீங்க. கிளம்ப மூணு நாள் இருக்கறப்ப நீங்க கேன்சல் பண்ணா பெரும்பாலான கம்பெனில ஒரு பைசா திரும்பி வராது, போர்ட் வரியும் ஃபீஸும் மட்டும்தான் வரும். அவங்க கேன்சல் பண்ணா முழு பணமும் வரும். அவங்க லேட் பண்ணா அங்கதான் கணக்கு வேற. கப்பல் போக்குவரத்த கவனிக்கற அமெரிக்க அரசு அமைப்பு ஃபெடரல் மாரிடைம் கமிஷன் 2022ல ஒரு ரூல் கொண்டு வந்தாங்க, கப்பல் கிளம்பறது 3 நாளோ அதுக்கு மேலயோ தள்ளிப்போய் நீங்க போக விரும்பலன்னா பணம் திருப்பி கேக்கலாம். அதுக்கு கம்மியா தள்ளிப்போனா கம்பெனி என்ன குடுக்குறாங்களோ அதுதான். போற ஊர மாத்தறதுக்கு அவங்களுக்கு முழு உரிமை உண்டு, டிக்கெட் கான்ட்ராக்ட்ல எழுதியே இருக்கும், பஹாமாஸ்ல இருக்கற நஸாவுக்கு பதிலா மெக்ஸிகோவுல இருக்கற கோஸுமெல் போனாலும் நம்மால ஒண்ணும் கேக்க முடியாது. அப்பா அம்மா பாஸ்போர்ட்ல அமெரிக்க விசா மல்டிபிள் என்ட்ரியா, தேதி இருக்கான்னு இப்பவே பாத்துடுங்க, அது இருந்தா மெக்ஸிகோவுக்கு தனி விசா வேண்டியதில்ல.

இன்சூரன்ஸ் இனிமே எடுத்து பிரயோஜனம் இல்ல, புயலுக்கு பேர் வச்சதுக்கு அப்புறம் வாங்கின பாலிசி அந்த புயலுக்கு செல்லாது. அப்பா அம்மாவுக்கு விசிட்டர் இன்சூரன்ஸ் எடுத்திருப்பீங்க, அது ஆஸ்பத்திரி செலவுக்கு, ட்ரிப் கேன்சல் ஆனதுக்கு அதுல கேக்க முடியாது. டிக்கெட் வாங்கின கிரெடிட் கார்ட்ல கவர் இருக்கான்னு மட்டும் பாருங்க, சில கார்ட்ல இருக்கும்.

நான் ஏன் இவ்ளோ சொல்றேன்னா, 2017 ஆகஸ்ட்ல ஹார்வி புயல் வந்தப்ப நாங்க கடல்ல இருந்தோம். டெக்ஸஸ்ல கால்வெஸ்டன்லேர்ந்து கிளம்பின கப்பல், திரும்பி வர்றதுக்குள்ள துறைமுகத்த மூடிட்டாங்க, சொன்ன தேதிக்கு இறங்க முடியல. கப்பல்ல சாப்பாட்டுக்கு குறையில்ல, ஆனா என் மாமியாருக்கு ப்ரெஷர் மாத்திரை சரியா கணக்கு பண்ணி எடுத்துட்டு வந்திருந்தோம், கடைசி ரெண்டு நாள் நான் பட்ட பாடு சொல்லி மாளாது, கப்பல் டாக்டர்கிட்ட போய் நிறைய காசு குடுத்து வாங்கினோம். நீங்க போறதா இருந்தா அப்பா அம்மாவுக்கு ஒரு வாரத்துக்கு கூடுதலா மருந்து எடுத்துக்கங்க, அத கைப்பைல வைங்க, பெட்டில வைக்காதீங்க.

டாம்பா_கொங்கு
திங்கள், இரவு 11:05

நாங்க இப்ப டாம்பாலதானுங்க இருக்கோம், ஏ ஜோன், அதாவது முதல்ல காலி பண்ண வேண்டிய பகுதி, கிளம்ப சொல்லியாச்சு. செப்டம்பர் 26ல ஹெலீன் புயல் வந்து போயி இன்னும் ரெண்டு வாரம் கூட ஆகல, அதுல நனைஞ்ச சோபா மெத்தை எல்லாம் தெருவோரம் மலையா குவிஞ்சு கெடக்குது, இந்த காத்துல அதெல்லாம் பறக்கும்னுதான் இங்க எல்லாருக்கும் பயம். ஐ-75ல வடக்க போற பக்கம் காரு நகரவே மாட்டேங்குது, ஓரத்து ஷோல்டர்லயும் வண்டி விட்டிருக்காங்க. பாதி பங்க்ல பெட்ரோல் இல்லீங்க.

கப்பல் விஷயம் எனக்கு தெரியாது, ஆனா தயவு செஞ்சு புதன்கிழமை வயசானவங்கள கூட்டிட்டு ஃப்ளோரிடாவுக்குள்ள வண்டி ஓட்டிட்டு வராதீங்க. கொக்கோ பீச் இருக்கறது கடலுக்கும் ஆத்துக்கும் நடுவுல ஒரு ஒல்லி தீவுல, காத்து ஏறினா பாலத்துல வண்டி விட மாட்டாங்க. ஹோட்டல கேன்சல் பண்ணுங்க, இந்த மாதிரி நேரத்துல பெரும்பாலும் பணம் திருப்பி குடுத்துடறாங்க, கேட்டுப் பாருங்க.

பீச்_பையன்
திங்கள், இரவு 11:30

ப்ரோ ரொம்ப பயப்படாதீங்க, நாங்க 2022ல ஒரு புயலுக்கு முந்தின நாள் மயாமி போய் இறங்கி கப்பல் ஏறினோம், ஒண்ணும் ஆகல, புதன் காலைல சீக்கிரம் வந்துட்டீங்கன்னா ஹோட்டல் ரூம்லயே இருந்துக்கலாம், கப்பல் கிளம்பிட்டா நீங்க பக்கத்துல இருப்பீங்க, இல்லன்னா மிஸ் ஆயிடும்.

டாம்பா_கொங்கு
திங்கள், இரவு 11:42

தம்பி நீங்க நல்ல மனசோடதான் சொல்றீங்க, ஆனா அந்த தடவ புயல் வேற பக்கம் போயிருக்கும். இது நேரா வருது. துறைமுகத்த மூடிட்டாங்கன்னா பக்கத்து ஹோட்டல்ல இருந்தாலும் கப்பல் வராதே. கரண்டு இல்லாத ரூம்ல லிஃப்ட் இல்லாம வயசானவங்க மூணாவது மாடில மாட்டிக்கிட்டா யாருங்க பொறுப்பு?

தூத்துக்குடி_கப்பல்காரன்
செவ்வாய், காலை 6:20

தம்பி, நான் 19 வருஷமா சரக்குக் கப்பல்ல ஓடுறேன், இப்ப சீஃப் ஆபீசர், லீவுல வீட்ல இருக்கேன். அம்மாகிட்ட இத படிச்சு காட்டுங்க.

புயல் நேரத்துல பெரிய கப்பலுக்கு ஆபத்தான இடம் துறைமுகம்தான். கயிறு போட்டு கட்டி வச்சா காத்து கப்பல அடிச்சு பெர்த்துல, அதாவது கப்பல் கட்டுற மேடைல மோதும், கயிறு அறுந்தா போச்சு. அதனால கப்பல் கடலுக்கு ஓடிரும், அதுவும் புயல் போற பாதைக்கு வெளிய. புயல் மணிக்கு 10, 15 மைல் வேகத்துல நகரும், க்ரூஸ் கப்பல் 20 நாட்டுக்கு மேல ஓடும், அதாவது 23 மைல், முன்கூட்டியே முடிவெடுத்தா புயல்கிட்ட மாட்டவே வேண்டாம். எங்களுக்கு ஒரு கணக்கு சொல்லித் தருவாங்க, 1-2-3 ரூல்னு. 34 நாட் காத்து புயலச் சுத்தி எவ்வளவு தூரம் பரவியிருக்கோ அதுக்கும் வெளிய, 24 மணி நேர கணிப்புக்கு 100 கடல் மைல், 48க்கு 200, 72க்கு 300 சேத்து வட்டம் போடணும், அந்த வட்டத்துக்குள்ள கால் வைக்கக் கூடாது. கணிப்பு தப்பலாம்னு ஒத்துக்கிட்டு போடுற வட்டம் அது. நீங்க டிவில பாக்குற கூம்பு மாதிரி படமும் அப்படித்தான், புயலோட நடுப்புள்ளி மூணுல ரெண்டு தடவ அந்த கூம்புக்குள்ள இருக்கும்னு அர்த்தம், மூணுல ஒரு தடவ வெளிய போகும். கூம்புக்கு வெளிய இருந்தா காத்து மழை இல்லன்னு நினைச்சிராதீங்க. இந்தப் பக்கத்து கடல்ல புயல் இடப்பக்கமா சுத்தும், அதனால அது போற திசைக்கு வலது பக்கம் காத்து மோசம்.

இதுல அலட்சியமா இருந்தா என்ன ஆகும்னு எங்க தொழில்ல எல்லாருக்கும் தெரியும். 2015 அக்டோபர் 1ம் தேதி எல் ஃபாரோன்னு ஒரு சரக்குக் கப்பல், ஜாக்சன்வில்லேர்ந்து சான் ஹுவான் போனது, வாக்கீன் (Joaquin) புயலுக்குள்ள போய் மாட்டி 33 பேரோட மூழ்கிருச்சு. பழைய வானிலைத் தகவல நம்பி கேப்டன் பாதை போட்டிருந்தார்னு விசாரணைல வந்துச்சு. அந்த அறிக்கைய படிச்ச யாரும் புயல்கிட்ட பந்தயம் கட்ட மாட்டாங்க. ஆயிரக்கணக்கான பேர ஏத்திக்கிட்டு எந்த கேப்டனும் போக மாட்டார்.

எப்ப கிளம்பும்னு நீங்களே ஓரளவு கணிக்கலாம். கோஸ்ட் கார்ட், அதாவது கடலோரக் காவல் படை, துறைமுகத்துக்கு நாலு கட்டமா எச்சரிக்கை போடுவாங்க, விஸ்கின்னா பலத்த காத்து வர 72 மணி நேரம் இருக்கு, எக்ஸ்ரேன்னா 48, யாங்கின்னா 24, ஜூலுன்னா 12. ஜூலு வந்துட்டா உள்ளயும் வெளியயும் ஒரு கப்பலும் போகாது. புயல் போன உடனே திறந்துட மாட்டாங்க, கால்வாயில மண்ணு சேந்து ஆழம் குறைஞ்சிருக்கா, வழி காட்ட மிதக்க விட்ட போயாக்கள் இடம் மாறியிருக்கான்னு அளந்து பாத்துட்டுத்தான் திறப்பாங்க. என் அனுபவத்துல வியாழக்கிழமை உங்க கப்பல் கிளம்ப வழியே இல்ல. வெள்ளி சனியாகும். கம்பெனி மெயில் கண்டிப்பா வரும், பொறுங்க.

ஒண்ணு மட்டும் சொல்லிடறேன், புயல் போனாலும் ஸ்வெல், அதாவது புயல் கிளப்பிவிட்ட நீள அலை, ரெண்டு மூணு நாள் இருக்கும். கப்பல் சேஃப், ஆனா வயித்த புரட்டும். ரூம மாத்த முடிஞ்சா நடுக்கப்பல்ல கீழ்தளமா கேளுங்க, ஆட்டம் அங்கதான் கம்மி.

உப்பளத்துப்பையன்
செவ்வாய், மாலை 7:50

அண்ணன் சொன்னத அம்மாகிட்ட முழுசா படிச்சு காட்டினேன், ரெண்டு தடவ படிக்க சொன்னாங்க. இப்பதான் மெயில் வந்துச்சு, கப்பல் சனிக்கிழமை 12ம் தேதி கிளம்புமாம், 5 ராத்திரி 3 ராத்திரி ஆகிடுச்சு, நஸா மட்டும்தான். குறைஞ்ச ரெண்டு நாளுக்கு பணம் திருப்பி தர்றாங்க, வரலன்னா முழு தொகைக்கும் அடுத்த ட்ரிப்புக்கு க்ரெடிட் தர்றாங்க, கையில பணமா கிடையாது. ரெண்டு நாள்தான் தள்ளிப்போகுது, அதனால அக்கா சொன்ன 3 நாள் ரூல் எங்களுக்கு வராது. அடுத்த ட்ரிப்புன்னா அப்பா அம்மா இங்க இருக்க மாட்டாங்க. கொக்கோ பீச் ஹோட்டல்காரங்க கேட்ட உடனே பணத்த திருப்பிட்டாங்க. டாம்பா அக்கா, நீங்க பத்திரமா இருக்கீங்களா?

டல்லாஸ்காரி
செவ்வாய், இரவு 8:30

அப்ப போய்ட்டு வாங்க தம்பி. ரோடு மட்டும் வெள்ளிக்கிழமை பாத்துட்டு கிளம்புங்க, ஐ-75 வேணாம், சவானா பக்கம் போய் ஐ-95ல இறங்குங்க. டேங்க ஜார்ஜியாலயே ஃபுல் பண்ணிடுங்க. அம்மாவுக்கு இஞ்சி மொரபா இருந்தா எடுத்துக்கங்க, வாந்திக்கு மெக்லிசைன் மாத்திரை கடைலயே கிடைக்கும், ஆனா ப்ரெஷர் சுகர் மருந்து சாப்பிடறவங்கன்னா ஃபார்மசில ஒரு வார்த்த கேட்டுட்டு குடுங்க.

உப்பளத்துப்பையன்
புதன், அக்டோபர் 16, காலை 10:10

நேத்து ராத்திரி வீடு வந்து சேந்தோம். எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல.

புதன் ராத்திரி டாம்பாவுக்கு தெக்க சியஸ்டா கீல மில்டன் கரையேறினத நாலு பேரும் டிவி முன்னாடி உக்காந்து பாத்தோம், கேட்டகரி 3ஆ குறைஞ்சிருந்தாலும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்ல பேஸ்பால் மைதானத்து கூரை கிழிஞ்சு போனத காட்டினாங்க. எங்கள ரொம்ப உலுக்கினது அது இல்ல, புயல் கரையேறறதுக்கு முன்னாடியே கிழக்கு பக்கம் செயின்ட் லூசி கவுன்டில டொர்னாடோ அடிச்சு 6 பேர் போய்ட்டாங்க. நான் போட்டிருந்த ஹோட்டல் இருக்கறதும் அதே கிழக்கு கரைதான். அன்னைக்கு கிளம்பியிருந்தா அந்த நேரத்துல நாங்க அங்க இருந்திருப்போம். அம்மா ரொம்ப நேரம் எதுவும் பேசல.

வெள்ளிக்கிழமை பிரன்ஸ்விக்ல தங்கிட்டு சனி விடியக்காலைல கிளம்பினோம். ஐ-95ல எங்களோடவே கரண்டு கம்பம் ஏத்தின லாரிங்க வரிசையா தெக்க போய்க்கிட்டு இருந்துச்சு, அப்பா ஒவ்வொண்ணா எண்ணிட்டு வந்தார், கஜாவுக்கு அப்புறம் நம்மூருக்கு வெளி மாவட்டத்து லைன்மேன்கள் வந்தாங்கல்ல அது மாதிரின்னார். முதல் ராத்திரி ஸ்வெல் நல்லா இருந்துச்சு, நானும் மனைவியும் படுத்துட்டோம், அம்மா இஞ்சிய மென்னுக்கிட்டு ஜம்முனு உக்காந்திருந்தாங்க. காலைல அஞ்சரைக்கு எழுந்து பாத்தா ரெண்டு பேரும் ரூம்ல இல்ல, பதறிப்போய் தேடினா மேல்தளத்துல கம்பிய புடிச்சிட்டு நிக்கிறாங்க. சுத்தி எந்த பக்கமும் கரையே தெரியலடான்னு அப்பா சொன்னார், அதத்தான் பாக்கணும்னு இருந்தாராம்.

டாம்பா அக்கா, உங்ககிட்டேர்ந்து ஒரு வாரமா பதிலே இல்ல. அம்மா தினமும் கேக்குறாங்க.

டாம்பா_கொங்கு
புதன், மாலை 6:35

நல்லா இருக்கோமுங்க. நேத்து ராத்திரிதான் கரண்டு வந்துச்சு, அதனாலதான் எழுத முடியல. புயல் எங்களுக்கு தெக்க கரையேறினதால கடல் தண்ணி உள்ள வரல, விரிகுடா தண்ணி வெளிய இழுத்துட்டு போயிருச்சு, ஹெலீன்ல நனைஞ்ச வீடு இந்த தடவ நனையல. கூரைல கொஞ்சம் ஓடு போயிருக்குது, பின்பக்க வேலி சாஞ்சிருச்சு, மாமரம் நிக்குது. அம்மாகிட்ட சொல்லுங்க.