பன்னிரண்டு மாதம் மௌனம் என்றால் உரிமம் போயே போச்சா?

அலைக்கிறுக்கன்:
அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலத்தில் கிளவுட்கிராஃப்ட் என்று ஒரு மலை ஊர். அங்கே கே.டி.எம்.என். என்ற பண்பலை நிலையம் இருந்தது. பேச்சுமூச்சில்லாமல் கிடந்துவிட்டு, ஓராண்டு முடியப்போகிற நேரத்தில், அனுமதி வாங்காத ஒலிபரப்பு அமைப்பை வைத்து ஒலிபரப்பியது. அதெல்லாம் கணக்கில் வராது, உரிமம் முடிந்துவிட்டது என்று 2008இல் எஃப்.சி.சி. (அங்கே ஒலிபரப்பு உரிமம் தருகிற அரசு ஆணையம்) கையை விரித்துவிட்டது. தொடர்ந்து 12 மாதம் ஒலிபரப்பு இல்லையென்றால் உரிமம் தானாகக் காலாவதி என்பது 1996இல் வந்த சட்டம். விசாரணை கிடையாது, ஒன்றும் கிடையாது. வாடகை பாக்கி வைத்தவனிடம்கூட இரண்டு தடவை ஆள் அனுப்பிக் கேட்பார்கள். எனக்கு இது அநியாயமாகப் படுகிறது.

பழைய டிரான்ஸ்மிட்டர்:
தம்பி, இது வாடகை வீடு இல்லை, பஸ் சீட்டில் போட்ட துண்டு. துண்டைப் போட்டவன் ஏறவே இல்லையென்றால், நிற்கிறவன் எத்தனை ஸ்டாப் பொறுப்பான்? ஒலிபரப்பு நின்று 10 நாளில் தகவல் சொல்ல வேண்டும், 30 நாள் தாண்டினால் அனுமதி கேட்க வேண்டும். இத்தனை படியும் தாண்டித்தான் அந்த ஒரு வருஷம். திடீரென்று யாரும் கழுத்தை நெரிக்கவில்லை. ஊரார் சொத்தான அலைவரிசையை மடியில் கட்டிக்கொண்டு தூங்க எவனுக்கும் உரிமை இல்லை.

ரஞ்சனி:
சார், தூங்குகிறவன் வேறு, பறிகொடுத்தவன் வேறு. நான் இருக்கிற அலபாமாவிலேயே ஒரு கதை. 2024 பிப்ரவரியில் ஜாஸ்பர் ஊரின் டபிள்யூ.ஜே.எல்.எக்ஸ். என்ற ஏ.எம். (மீடியம் வேவ்) நிலையத்துக்குப் புல் வெட்டப் போனவர்கள், கோபுரத்தையே காணோம் என்றார்கள். சுமார் 200 அடிக் கோபுரம்! டிரான்ஸ்மிட்டரும் இல்லை. காப்பீடும் கிடையாது என்று செய்தியில் வந்தது. அதே நிகழ்ச்சிகள் எஃப்.எம்.மிலும் வந்துகொண்டிருந்தன. ஏ.எம். இல்லாமல் எஃப்.எம். மட்டும் ஓடக் கூடாது என்று ஆணையம் அதையும் நிறுத்தச் சொன்னது. திருட்டுக் கொடுத்தவனுக்கே தண்டனையா?

பழைய டிரான்ஸ்மிட்டர்:
அந்த எஃப்.எம். தனி நிலையம் இல்லைம்மா. தாய் நிலையத்தை வாங்கித் திருப்பிச் சொல்கிற சின்னக் கருவி, 250 வாட்டுக்கு மேல் போகாது. தாய் பேசினால்தான் அது பேசலாம். விதி புதிதல்ல.

கோபுரம் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், விவாதத்துக்குச் சம்பந்தம் கொஞ்சம்தான். மீடியம் வேவில் கோபுரத்தின் மேல் ஆன்டெனா வைப்பதில்லை, கோபுரமேதான் ஆன்டெனா. அவர்களுடைய 1240 கிலோஹெர்ட்சுக்குக் கால் அலைநீளம் 60 மீட்டர், அதாவது அந்த 200 அடி. அடியில் பீங்கான் இன்சுலேட்டர். அதைச் சுற்றி சைக்கிள் சக்கரக் கம்பி மாதிரி மண்ணுக்குள் செப்புக் கம்பிகள், வழக்கமாக 120. நான் வேலை பார்த்த நிலையத்தில் ஒரு நாள் காலை மீட்டர் முள் சரியில்லை. வெளியே போய்த் தோண்டினால் கிழக்குப் பக்கம் கம்பியே இல்லை, ராத்திரியோடு ராத்திரியாக உருவிப் போயிருந்தார்கள். நாலு கம்பி போனதே எங்களுக்குத் தெரிந்துவிட்டது. கோபுரம் போனதைப் புல் வெட்டுகிறவர் வந்து சொல்லித்தான் தெரிய வேண்டுமா? கேட்கிறவர்கள் ஒருத்தர்கூடவா போன் பண்ணவில்லை?

அலைக்கிறுக்கன்:
குத்தலாகப் பேசினாலும் கேள்வி நியாயம்தான் சார். என் கேள்விக்கும் பதில் சொல்லுங்கள். சீட் காலியானால் உட்காரப் போவது யார்? ஏ.எம்.மில் புது நிலையம் கேட்டுப் பொதுவாக விண்ணப்பிக்கக் கதவு திறந்தது 2004இல். உரிமம் செத்தால் அந்த ஊரில் அந்த அலைவரிசையும் செத்த மாதிரிதான். பஸ்ஸே டிப்போவுக்குப் போகும்போது துண்டைப் பிடுங்கி வெளியே எறிவானேன்?

டீக்கடை பெஞ்சு:
பஸ்ஸை விட்டு இறங்குங்கப்பா, கண்டக்டர் வருகிறார்.

ரஞ்சனி:
சட்டம் போட்டவர்களுக்கே உறுத்தியிருக்கிறது. நியாயம் இருந்தால் காலாவதியான உரிமத்துக்கு உயிர் கொடுக்கலாம் என்று 2004இல் திருத்தினார்கள். சூறாவளியில் கோபுரம் அழிந்த வர்ஜின் தீவுகள் நிலையம் ஒன்றுக்கு 2006இல் திருப்பிக் கொடுத்தார்கள். ஆனால் அதிலும் யாருக்குத் தருவது என்பது ஆணையத்தின் மனசு.

பழைய டிரான்ஸ்மிட்டர்:
சூறாவளிக்குத் தரட்டும், நானே கையெழுத்துப் போடுகிறேன். காசு இல்லை, வாங்குகிற ஆள் வரட்டும் என்று பூட்டி வைத்திருப்பவனுக்கும் தர வேண்டுமா? மேரிலாந்தின் பெதெஸ்டாவில் ஒரு ஏ.எம். நிலையத்தின் கோபுரங்கள் நின்ற 75 ஏக்கர், வீடு கட்டுகிற கம்பெனிக்கு ஏழு கோடி டாலருக்கு மேல் விலை போனது. ஒலிபரப்பை விட மண்ணுக்குத்தான் அங்கே மதிப்பு.

அலைக்கிறுக்கன்:
காசு இல்லாதவனைக் குற்றவாளி ஆக்காதீர்கள் சார். நம் நாட்டில் முதல் எஃப்.எம். ஏலத்தில் 108 அலைவரிசை விட்டார்கள். கட்டணம் வருஷா வருஷம் 15 சதவீதம் ஏறும் என்றார்கள். பெரும்பாலானவை வாயே திறக்கவில்லை. 2005இல் வருமானத்தில் பங்கு என்று மாற்றிய பிறகுதான் சின்ன ஊர்களிலும் நிலையங்கள் வந்தன. அன்றைக்கு மௌனத்துக்குக் காரணம் சோம்பலா?

ஜார்ஜியா ஜோசப்:
இரண்டு பேரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். நான் இருக்கிற ஊர் நிலையம் (பெயர் வேண்டாம்) பல மாதமாக ஊமை. வெள்ளிக்கிழமை பள்ளிக்கூட ஃபுட்பால் வர்ணனையும் ஊரில் யார் இறந்தார்கள் என்பதும் அதில்தான் வரும். ஒரு நாள் மதியம் காரில் வழக்கம்போல முள்ளைத் திருப்பினால் பாட்டு! கடைக்குப் போய்விட்டு வந்தேன், அதே பாட்டு. சாயந்திரம் வரை அதே பாட்டு. மறுநாள் இரைச்சல் மட்டும். அந்த ஒரு மதியத்தோடு 12 மாதக் கணக்கு மறுபடி முதலிலிருந்து. உரிமம் புதுப்பிக்கும் சமயத்தில் ஆணையம் இப்போது இந்த விளையாட்டையும் தோண்டுகிறது. ஆனால் புதுப்பிப்பு எட்டு வருஷத்துக்கு ஒரு முறைதான்.

பழைய டிரான்ஸ்மிட்டர்:
பார்த்தீர்களா, துண்டு.

ரஞ்சனி:
சார், அந்த மதியம் பாட்டைத் தவிர வேறு ஒன்றுமே வரவில்லையா ஜோசப் அண்ணா?

ஜார்ஜியா ஜோசப்:
நடுநடுவே நிலையத்தின் பெயர் மட்டும் வந்தது. பழைய ரெக்கார்டிங். அதைப் படித்த பெரியவர் இறந்து நாலு வருஷம் ஆகிறது.

பழைய டிரான்ஸ்மிட்டர்:
மணிக்கு ஒரு தடவை பெயர் சொல்லியாக வேண்டும் என்பது விதி. அதையாவது சரியாகச் செய்திருக்கிறார்கள்.