கமாண்டோ மூத்தவர்கள் முன் ஒரு புதியவன் தன்னை எப்படி அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டும்?

பாகான் இளைஞன், பட்டர்வொர்த்:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 20. எஸ்பிஎம் தேர்வு முடித்தபின் பாலிடெக்னிக்கில் மின்னியல் டிப்ளோமா படித்தேன். இப்போது பிறையில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டே தரைப்படையின் அடுத்த ஆள்சேர்ப்புக்காகக் காத்திருக்கிறேன். கமாண்டோ பயிற்சிக்குப் போக வேண்டும் என்பதே என் நோக்கம்.

இந்த மாத இறுதியில் கோலாலம்பூரில், சிறப்புப் படைகளில் பணியாற்றி ஓய்வு பெற்ற சிலர் கூடும் தேநீர்ச் சந்திப்பு ஒன்றுக்கு என் தாய்மாமாவின் நண்பர் என்னை அழைத்துச் செல்கிறார். புதிதாக வருகிறவர்கள் எழுந்து நின்று தங்களைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்வது அங்கே வழக்கமாம். நான் எழுதி வைத்திருப்பது இது:

"வணக்கம். சிறு வயதிலிருந்தே கமாண்டோ ஆக வேண்டும் என்பது என் கனவு. நான் எதற்கும் அஞ்ச மாட்டேன். எடுத்த காரியத்தைப் பாதியில் விடமாட்டேன். நாட்டுக்காக உயிரைக் கொடுக்கவும் தயாராக இருக்கிறேன். எந்தப் படையில் சேர்ந்தால் நேரடி நடவடிக்கைகளில் அதிகம் பங்கேற்கலாம் என்று வழிகாட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்."

இதில் எதைச் சேர்க்க வேண்டும், எதை நீக்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஓய்வுபெற்ற சார்ஜன், செந்தூல்:

தம்பிக்கு வணக்கம். அங்கே போய்ப் பேசுவதற்கு முன்னால் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று தோன்றியதே, அது நல்ல குணம். நான் தரைப்படையில் இருந்து ஓய்வு பெற்றவன். சுங்கை ஊடாங் முகாமிலும் பணியாற்றியிருக்கிறேன். என்னைப் பற்றி இதற்கு மேல் எழுதுவதற்கில்லை. நீங்கள் சந்திக்கப் போகிறவர்களில் பெரும்பாலோர் தங்களைப் பற்றி இதைவிடக் குறைவாகத்தான் சொல்வார்கள்.

நீங்கள் எழுதியிருப்பவை எல்லாம் இனிமேல் எப்படி இருப்பேன் என்ற உறுதிமொழிகள். இன்றைக்கு நீங்கள் யார் என்பது அவற்றில் எங்கும் இல்லை. கேட்கிறவர்களோ, உறுதிமொழி சொல்லி வந்தவர்களில் எத்தனை பேர் முதல் வாரத்திலேயே பெட்டியைக் கட்டினார்கள் என்பதைக் கண்ணால் பார்த்தவர்கள். மலாக்கா சுங்கை ஊடாங்கில் உள்ள சிறப்புப் போர்ப் பயிற்சி மையத்தில் நடக்கும் அடிப்படைக் கமாண்டோ பயிற்சி 12 வாரங்கள் நீடிக்கும். முகாம், காடு, சதுப்பு, கடல், தப்பித்தல் என்று ஐந்து கட்டங்களைக் கொண்டது. கடைசிக் கட்டத்தில் கையில் பணமோ உணவோ இல்லாமல், தேடுகிறவர்களிடம் சிக்காமல் குறிப்பிட்ட இடத்தைச் சென்றடைய வேண்டும். சிக்கியவரை எதிரியின் கைதியாகவே நடத்தி விசாரிப்பார்கள். தூக்கமும் சோறும் இல்லாத நிலையில் ஒருவன் எப்படி நடந்துகொள்வான் என்பதை அவனே முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதால்தான் இப்படி ஒரு பயிற்சியையே அமைத்து வைத்திருக்கிறார்கள். ஆகவே "எதற்கும் அஞ்ச மாட்டேன்" என்ற வாக்கியத்தை எடுத்துவிடுங்கள். அதை அடுத்து வருவதையும் எடுத்துவிடுங்கள்.

உயிரைக் கொடுப்பது பற்றி எழுதியிருப்பதை இன்னும் அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். அந்த அறையில் தோழனின் உடலைச் சுமந்து வந்தவர் இருக்கலாம். 2000 ஜூலையில் பேராக் சாவுக் பகுதியில் அல்-மாவுனா கும்பல் ஆயுதங்களைக் கொள்ளையடித்துக்கொண்டு புக்கிட் ஜெனாலிக்கில் பதுங்கியபோது, பிடித்து வைக்கப்பட்டவர்களில் இருவர் கொல்லப்பட்டார்கள். ஒருவர் காவல்துறை சிறப்புப் பிரிவைச் சேர்ந்த நம்மவர் ஆர். சகாதேவன், மற்றவர் தரைப்படைக் கமாண்டோ பிரிவான கெராக் காஸின் வீரர், சரவாக்கைச் சேர்ந்த மேத்யூ அனாக் மேடான். 2013 மார்ச் 1 அன்று சபா மாநிலத்தின் லகாட் டத்து தண்டுவோ கிராமத்தில் காவல்துறைக் கமாண்டோ பிரிவான வாட் 69இன் இன்ஸ்பெக்டர் சுல்கிப்ளி மாமாட்டும் கார்ப்பரல் சபாருடின் டாவுட்டும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இந்தப் பெயர்களைத் தெரிந்து வைத்திருங்கள். அங்கே எடுத்துச் சொல்வதற்காக அல்ல; யாராவது சொல்லும்போது யாரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று விளங்க வேண்டும் என்பதற்காக. உயிரைக் கொடுக்கத் தயார் என்று அவர்கள் யாரும் மேடையேறிச் சொன்னதில்லை.

நேரடி நடவடிக்கை பற்றிய கேள்வியும் வேண்டாம். யார் எங்கே போனார், என்ன செய்தார் என்பது அந்தக் கூட்டத்தில் கேட்கக் கூடாத ஒன்று. 1972ஆம் ஆண்டின் அதிகாரத்துவ இரகசியச் சட்டம் ஓய்வு பெற்றவரையும் கட்டுப்படுத்தும். சட்டமே இல்லாவிட்டாலும், நேற்று வந்த ஒருவனுக்கு அவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்; வீட்டுக்கு வந்து முகநூலில் எழுதாதீர்கள்.

பின் என்ன சொல்வது? பெயர், ஊர், படிப்பு, இப்போதைய வேலை. எவ்வளவு தூரம் எவ்வளவு நேரத்தில் ஓடுகிறீர்கள், எவ்வளவு நீந்துவீர்கள் என்பதை அளந்து பார்த்த கணக்கில் சொல்லுங்கள். உங்களால் இன்னும் முடியாத ஒன்றை அவசியம் சொல்லுங்கள். கேட்கிறவர்கள் நிமிர்ந்து உட்காருவது அந்த இடத்தில்தான். குறையை மறைக்கிற ஆளைக் காட்டில் பின்னால் வைத்துக்கொண்டு நடப்பது மற்றவர்களுக்கு ஆபத்து. கால் புண்ணாகிவிட்டது என்று முதல் நாளே சொல்கிறவனுக்கு மருந்து போட்டுக் கூட்டிச் செல்லலாம். மூன்றாம் நாள் விழுகிறவனை நான்கு பேர் தூக்க வேண்டியிருக்கும்.

பல இனத்தவரும் இருப்பார்கள் என்பதால் மலாயில் பேசுங்கள். அதிகாரியாக இருந்தவரைத் துவான் என்று அழைப்பது முறை. தமிழர்கள் தனியாக வந்து பேசினால் ஐயா என்று சொல்லித் தமிழில் பேசலாம். பேசி முடித்ததும் உட்கார்ந்துவிடுங்கள். நாற்காலி அடுக்கும் வேலை இருந்தால் முதல் ஆளாக எழுந்திருங்கள்.

துறைமுக வாசகர், ஜார்ஜ் டவுன்:

சார்ஜன் ஐயா சொன்னதை மதிக்கிறேன். ஆனால் எந்தப் படை என்ற கேள்வியே கூடாது என்று தம்பி புரிந்துகொள்ளக் கூடாது. அதிகமாகச் சண்டை எங்கே கிடைக்கும் என்று கேட்பது தவறு. எந்தப் படையின் பணி என்ன என்று தெரியாமல் போய் நிற்பதும் மரியாதைக் குறைவுதான். இரண்டும் வேறு. படிக்கக் கிடைப்பதைப் படித்துவிட்டுப் போனால், அவர்களிடம் கேட்பதற்கு நல்ல கேள்விகள் மிஞ்சும்.

தரைப்படையின் கெராக் காஸ் 1965இல், மலேசியாவை எதிர்த்து இந்தோனேசியா மோதிக்கொண்டிருந்த காலத்தில், பிரிட்டிஷ் ராயல் மரீன் கமாண்டோக்களின் பயிற்சியோடு தொடங்கியது. அவர்களுடைய பச்சை பெரே தொப்பியின் வழிவந்ததே இவர்களுடைய தொப்பியும். காவல்துறையின் வாட் 69 உருவானது 1969இல். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டு ஆயுதக் குழுக்களை அவர்கள் முறையிலேயே எதிர்கொள்வதற்காகப் பிரிட்டிஷ் சிறப்புப் படையான எஸ்ஏஎஸ் வீரர்கள் இவர்களைப் பயிற்றுவித்தார்கள். மணல் நிறத் தொப்பி அங்கிருந்து வந்தது. ஈப்போவுக்கு அருகே உலு கிந்தாவில் அவர்களுடைய தளம் இருக்கிறது. 1997இல் வாட் 69 பிரிவையும் நகர்ப்புறப் பணிகளுக்கான யுடிகே பிரிவையும் காவல்துறைத் தலைமையகமான புக்கிட் அமான் ஒரே தலைமையின் கீழ்க் கொண்டுவந்தது. கடற்படையின் பாஸ்கால் லூமுட்டில் இருக்கிறது. 2011 ஜனவரியில் ஏடன் வளைகுடாப் பகுதியில் கடற்கொள்ளையர் கைப்பற்றிய புங்கா லாரல் கப்பலை மீட்டு, 23 பணியாளர்களையும் உயிரோடு காப்பாற்றி, ஏழு கொள்ளையரைப் பிடித்தவர்கள் அவர்கள்தாம். ஆகாயப்படைக்குப் பாஸ்காவ் இருக்கிறது.

இவை ஒவ்வொன்றுக்கும் நுழைவாயில் வேறு என்பதைத்தான் இளைஞர்கள் பலர் கவனிப்பதில்லை. தரைப்படை என்றால் போர்ட் டிக்சனில் அடிப்படைப் பயிற்சி. கடற்படை என்றால் ஜொகூர் தஞ்சோங் பெங்ஙேலே. காவல்துறை என்றால் போலீஸ் பயிற்சி மையம். முதலில் அங்கே ஒரு சாதாரண வீரராகத் தேறிய பிறகே சிறப்புப் பிரிவுக்கு முன்வர முடியும். தம்பிக்கு மின்னியல் டிப்ளோமா இருக்கிறது. கமாண்டோ பயிற்சியில் தேறாவிட்டாலும் தகவல் தொடர்புப் பிரிவில் முழு வாழ்க்கையும் மரியாதையாகப் பணியாற்றலாம். "கமாண்டோ ஆகாவிட்டாலும் படைவீரனாக இருக்கச் சம்மதம்" என்று மனம் ஒப்பிச் சொல்ல முடிந்தால் அதையும் அறிமுகத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். மனம் ஒப்பவில்லை என்றால் விண்ணப்பிப்பதற்கு முன் மறுபடி யோசியுங்கள்.

இன்னொன்று. கடைகளில் விற்கிற கமாண்டோ சின்னம் பொறித்த சட்டை, தொப்பி எதையும் அணிந்துகொண்டு போகாதீர்கள். படைவீரர் அல்லாதவர், வீரர் என்று பிறர் நம்ப வேண்டும் என்ற எண்ணத்தோடு அந்த உடையை அணிவது குற்றவியல் சட்டத்தின் 140ஆம் பிரிவின்படி குற்றம். உங்களுக்கு அந்த எண்ணம் இருக்காது. என்றாலும், அந்தத் தொப்பிக்காகச் சதுப்பில் கிடந்தவர் முன்னால் கடையில் வாங்கியதை மாட்டிக்கொண்டு நிற்பது அழகல்ல. துவைத்துத் தேய்த்த வெள்ளைச் சட்டை போதும்.

ஒரு தாய், பிறை:

தம்பி, என் மகன் கடற்படையில் இருக்கிறான். எந்தப் பிரிவு, எந்த ஊர் என்று நான் இங்கே எழுதப் போவதில்லை. அவன் கேட்டுக்கொண்டது அப்படி. உங்கள் கடிதத்தில் தாய்மாமாவின் நண்பர் வருகிறார், நீங்கள் வருகிறீர்கள். அம்மாவோ அப்பாவோ ஒரு வரியில்கூட வரவில்லை. அவர்களுக்குத் தெரியுமா? மூத்தவர்கள் எங்கள் மகனிடம் முதலில் கேட்டது "வீட்டில் சொல்லிவிட்டாயா" என்றுதான். இல்லை என்று அவன் சொன்னதும், சொல்லிவிட்டு அடுத்த முறை வா என்று அனுப்பிவிட்டார்கள். அன்று இரவு அவன் என்னிடம் வந்து உட்கார்ந்து பேசியதால்தான், வாரக் கணக்கில் தொலைபேசி வராத நாட்களையும் என்னால் பொறுத்துக்கொள்ள முடிகிறது. வீட்டுப் பெரியவர்களிடம் பேசிவிட்டுக் கோலாலம்பூருக்குப் பேருந்து ஏறுங்கள்.

பாகான் இளைஞன், பட்டர்வொர்த்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அப்பாவுக்குத் தெரியும், அம்மாவிடம் இன்று இரவு பேசுகிறேன். சார்ஜன் ஐயா சொன்னபடி, முடியாததைச் சொல்வது பற்றி ஒரு சந்தேகம். பந்து விளையாட்டில் வலது முழங்காலில் அடிபட்டுச் சில மாதம் ஓடாமல் இருந்தேன். இப்போது தட்டையான சாலையில் வலி இல்லை. நீச்சல் தெரியும், ஆனால் கால் எட்டாத ஆழத்தில் மூச்சு வாங்குகிறது. முழங்காலைப் பற்றியும் அங்கே சொல்ல வேண்டுமா? ஆள்சேர்ப்பு மருத்துவச் சோதனைக்குத் தகவல் போய்விடுமோ என்று தயங்குகிறேன்.

மருத்துவ உதவியாளர், ஆயர் ஈத்தாம்:

தயங்காமல் சொல்லுங்கள். மருத்துவச் சோதனையிலும் நீங்களே முந்திக்கொண்டு சொல்ல வேண்டும். ஆறிய காயத்தோடு தேறியவர்கள் இருக்கிறார்கள். மறைக்கப்பட்ட காயம், முதுகில் சுமையோடு இறக்கத்தில் இறங்கும்போது தன்னைக் காட்டிக்கொள்ளும். அப்போது பயிற்சியும் போகும், முழங்காலும் போகும். சந்திப்புக்குப் போவதற்கு முன் எலும்பு மருத்துவரிடம் காட்டி, ஸ்கேன் தேவையா என்று கேட்டு, அவர் சொல்வதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். "அடிபட்டது, மருத்துவர் பார்த்தார், இன்னது சொன்னார்" என்று அங்கே சொன்னால் போதும்.

தட்டையான சாலையில் வலி இல்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. பினாங்கிலேயே நல்ல சோதனைக் களம் இருக்கிறது. பூமலைக்கு (தாவரவியல் பூங்கா) அருகிலிருந்து கொடிமலைக்கு (பினாங்கு மலை) ஏறும் ஜீப் பாதை சுமார் ஐந்து கிலோமீட்டர். செங்குத்தான தார்ச் சாலை. மருத்துவர் அனுமதித்தால் முதலில் சுமையின்றி ஏறி இறங்குங்கள். இறங்கும்போது முழங்கால் என்ன சொல்கிறது, மறுநாள் காலையில் வீக்கம் இருக்கிறதா என்று கவனியுங்கள். வாரக்கணக்கில் வலியில்லாமல் இருந்தால் மட்டும் முதுகுப் பையில் எடையைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். இருக்கிற எல்லா எடையையும் முதல் வாரமே ஏற்றும் இளைஞர்களை நான் கிளினிக்கில் அடிக்கடி பார்க்கிறேன். வெயில் ஏறுவதற்கு முன் கிளம்புங்கள். வியர்வையில் உப்பும் போகிறது என்பதால், மணிக்கணக்கில் நடக்கும்போது வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் லிட்டராகக் குடிப்பதும் ஆபத்து. கடுமையான பயிற்சிக்குப் பின் சிறுநீர் கோப்பி நிறத்தில் போனால், தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிப்பதன் அறிகுறியாக இருக்கலாம். ஓய்வெடுத்தால் சரியாகும் என்று இருக்காமல் அன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள். காட்டாற்றிலோ சேற்றுக் குட்டையிலோ இறங்கிப் பயிற்சி செய்த பிறகு காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், எலிக் காய்ச்சலாக இருக்கலாம் என்பதால் தண்ணீரில் இறங்கியதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஆழமான நீரில் மூச்சு வாங்குவதைத் தனியாகப் பழகித் தீர்க்க முயலாதீர்கள். தண்ணீருக்கடியில் மூச்சடக்கிப் பழகும் காணொளிகளைப் பார்த்து, கரையில் ஆளில்லாமல் செய்து மயங்கி மூழ்கியவர்கள் உண்டு. உயிர்காப்பாளர் இருக்கும் நீச்சல் குளத்தில், தெரிந்த பயிற்றுநரை வைத்துக்கொண்டு, முதலில் கால் எட்டாத இடத்தில் அசையாமல் மிதக்கக் கற்றுக்கொள்ளுங்கள். வேகமும் தூரமும் அதற்குப் பிறகு. பட்டர்வொர்த்தில் தகுந்த பயிற்றுநர் கிடைக்காவிட்டால் இங்கேயே எழுதுங்கள். தீவுப் பகுதியில் சொல்லித் தருகிறவர்களிடம் நான் விசாரித்துச் சொல்கிறேன்.