பார்ட்டிஷனில் உள்ள விண்டோசையே விர்ச்சுவல்பாக்சில் திறக்கலாமா?

கேள்வி: மடிக்கணினியில் லினக்சும் விண்டோஸ் 10-உம் தனித்தனிப் பார்ட்டிஷன்களில் (வட்டின் பிரிவுகளில்) இருக்கின்றன. ஒரேயொரு கணக்கு மென்பொருளுக்காக மறுதொடக்கம் செய்து செய்து சலித்துவிட்டது. அந்த விண்டோசையே லினக்சுக்குள் இயக்க முடியுமா? புதிதாக நிறுவ மனமில்லை.

பதில்: விர்ச்சுவல்பாக்ஸ் (கணினிக்குள் இன்னொரு மெய்நிகர் கணினியை இயக்கும் மென்பொருள்) மூலம் முடியும். பார்ட்டிஷனைச் சுட்டும் விஎம்டிகே (மெய்நிகர் வட்டு) கோப்பை உருவாக்குங்கள். தரவு அதில் நகலாகாது. யூஇஎஃப்ஐ (பழைய பயாசுக்குப் பதிலான தொடக்க முறை) நிறுவல் என்றால், தொடக்கக் கோப்புகள் உள்ள இஎஃப்ஐ பார்ட்டிஷனையும் சேருங்கள். அதற்குமுன் விண்டோசின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் (விரைவுத் தொடக்க) வசதியை அணையுங்கள். அது கர்னலை (இயங்குதளத்தின் மையப் பகுதியை) உறங்கவைத்துவிட்டு, கணினியை மூடிவிட்டதாகப் பாவனை செய்யும்! அதை விர்ச்சுவல்பாக்ஸ் காட்டும் வேறு வன்பொருளில் எழுப்பினால் வம்பு.

இன்னொருவர்: அந்தப் பார்ட்டிஷன் லினக்சில் மவுன்ட் ஆகியிருக்கவே (பயன்பாட்டுக்கு இணைக்கப்பட்டிருக்கவே) கூடாது. இரண்டு இயங்குதளங்களும் ஒரே நேரத்தில் எழுதினால் கோப்பு முறைமை சிதைந்துவிடும். பிட்லாக்கர் (விண்டோசின் வட்டு மறையாக்கம்) உண்டா? மீட்புச் சாவி கேட்கும்.

கேட்டவர்: பிட்லாக்கர் இல்லை, நல்லவேளை. முதலில் காப்புநகல் எடுக்கிறேன்.