புதுப்பிப்பு: இரண்டு வேலைகளுக்கு நடுவே பயணம் போகிறவர்களுக்கு, பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) விஷயம்

முதல் வேலையை விட்டுவிட்டுச் சில மாதம் ஊர் சுற்றக் கிளம்பும் பட்டதாரிகளுக்காக முன்பு எழுதிய இழையில், ரிலீவிங் லெட்டர் (வேலையிலிருந்து விடுவித்ததற்கான கடிதம்), கடைசிச் சம்பளக் கணக்கு இரண்டோடு நிறுத்தியிருந்தேன். அதன்பின் அதிகம் பேர் கேட்டது பிஎஃப் பற்றித்தான்.

தயவுசெய்து அந்தப் பணத்தை எடுத்துப் பயணத்துக்குச் செலவழிக்காதீர்கள். மொத்தப் பணிக்காலம் 5 வருடம் ஆகுமுன் எடுத்தால் பொதுவாக வரி உண்டு. புது வேலையின் பிஎஃப் கணக்குக்கு மாற்றினால் பழைய பணிக்காலமும் சேர்ந்துகொள்ளும்.

இந்தக் கணக்கு மாற்றம் பெரும்பாலும் சிக்குவது, பழைய நிறுவனம் நீங்கள் வெளியேறிய தேதியைப் பதியாததால். கடைசிச் சந்தா சேர்ந்து 2 மாதம் கழித்து யுஏஎன் (உங்கள் பிஎஃப் கணக்குகளுக்கெல்லாம் பொதுவான எண்) தளத்தில் 'மேனேஜ்' பகுதிக்குப் போய் 'மார்க் எக்ஸிட்' மூலம் நீங்களே பதியலாம். ரிலீவிங் லெட்டரில் உள்ள தேதியையே போடுங்கள். தப்பாகப் பதிந்தால் திருத்துவது பெரும்பாடு. ஓடிபி ஆதாரோடு இணைத்த எண்ணுக்குத்தான் வரும், அதனால் வெளிநாடு போனாலும் அந்த சிம்மை ரீசார்ஜ் செய்து உயிரோடு வையுங்கள்.

அதே நிதியாண்டில் புது வேலை கிடைத்தால் பழைய சம்பள விவரத்தைப் புது அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். கொடுக்காவிட்டால் பழைய, புதிய நிறுவனங்கள் இரண்டுமே வரிவிலக்கு வரம்பைத் தனித்தனியாகக் கழித்துக் குறைவாக வரி பிடிக்கும். மீதி வரி கணக்குத் தாக்கலின்போது மொத்தமாக வந்து நிற்கும்.